முதல் சிங்கிளில் எழுதாமல் விட்ட பெயர்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம், தமிழ் மொழி விழா நடந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் குழுவின் முதல் சிங்கிள், அதாவது தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டு, வெளிவந்தது. நாங்கள் ஐந்து பேர்: பாடுபவர்கள் இருவர், கிட்டார் வாசிப்பவர் ஒருவர், கீபோர்டையும் இசைக்கோவையையும் கவனிக்கும் நான், தாளத்திற்கு எங்கள் எல்லோரிலும் இளையவரான ஒரு தம்பி. அவர் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் வாசித்து வளர்ந்தவர். ஐவரும் பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள். வார இறுதியில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஜாமிங் ஸ்டூடியோவில் கூடுகிறவர்கள்.

அந்தப் பாட்டைக் கட்டி முடிக்க எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. அதை வெளியிடும் வேலைக்கு நாங்கள் ஒதுக்கியது ஒன்பது நாள்கள். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒன்பது நாள் அவசரத்தில் நேர்ந்தவை. சிங்கப்பூரில் தமிழில் சொந்தப் பாட்டுக் கட்டும் இளையர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு குழுவாவது எங்களுக்கு நேர்ந்ததைத் தவிர்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குரல் பதிவை யீஷூனில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில் செய்தோம். துணி அலமாரியின் கதவுகளை முழுவதும் திறந்துவைத்து, பாடுபவரின் முதுகுப்புறம் அந்தத் துணிகள் இருக்கும்படி நிற்கவைத்தோம். மைக் வாயிலிருந்து வரும் ஒலியோடு, பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் வாங்கிவிடும் என்பதுதான் காரணம். எதிரொலியை இப்படி அடக்கிவிட்டோம், ஆனால் ரயிலை மறந்துவிட்டோம். எங்கள் வட்டாரத்தில் எம்ஆர்டி தரைக்கு மேலே உயர்ந்த தடத்தில் ஓடுகிறது; அங்கேயே பிறந்து வளர்ந்த என் காதுக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. மிக்ஸிங் செய்தவர், அதாவது தனித்தனிப் பதிவுகளைச் சேர்த்துச் சமன்செய்தவர், பெரிய ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டியபோதுதான், சரணத்தின் மெல்லிய இடத்தில் தொலைவில் யாரோ மேசையை இழுப்பது போல ஓர் உறுமல் இருப்பது தெரிந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டி ஓரளவு சரிசெய்தார். இரண்டு வரிகளை மறுபடியும் பாட வேண்டியிருந்தது. இப்போது பதிவு தொடங்குமுன் யாரும் பாடாமல் ஐந்து நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிந்து, ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்கிறோம். பழகிய வீட்டின் ஒலியை வீட்டுக்காரர் கேட்கக்கூடாது, வெளியாள் ஒருவர் கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில், நான் பிடிவாதம் பிடித்தேன். பாட்டு எவ்வளவு சத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஒலிக்கும் என்று நம்பி, ஒலியளவை ஏறத்தாழ மைனஸ் 7 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏற்றச் சொன்னேன். ஸ்பாட்டிஃபை பாடல்களை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. ஆகவே எங்கள் பாட்டை அது 7 டெசிபெல் இறக்கிவிட்டது. சத்தத்திற்காக நசுக்கிய அடிகள் நசுங்கியபடியே இருந்தன, சத்தம் மட்டும் போய்விட்டது. உறுமியின் இழுப்புக்குப் பிறகு விழும் அடி இருக்கிறதே, ஒத்திகையில் நெஞ்சில் விழுந்த அந்த அடி, வெளியான பாட்டில் பஞ்சில் விழுந்தது போல இருந்தது. உச்ச அளவு மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அடிக்கும் மௌனத்திற்கும் இடையே உள்ள தூரத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். மிக்ஸிங் செய்தவர் இதை முன்பே சொன்னார். நான் கேட்கவில்லை.

பாட்டின் தொடக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் விஷயத்திற்கு அது தேவை. முதலில் கீபோர்டும் கிட்டாரும் மட்டும் ஒலிக்கும் நாற்பது நொடி முன்னிசை இருந்தது. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 நொடி கேட்டால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் சேரும். குரல் வருமுன்பே புதியவர் நகர்ந்துவிடுவார் என்ற கவலையில் முன்னிசையைப் பன்னிரண்டு நொடியாகச் சுருக்கினோம். அந்தப் பன்னிரண்டு நொடிக்குத் தம்பி ஒரு நாள் ஸ்டூடியோவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாசித்த தாளக்கட்டை எடுத்து வைத்தோம். பாட்டைத் திறந்தவுடன் காதில் விழுவது அவருடைய கைதான்.

அட்டைப் படத்திற்கு 3000க்கு 3000 பிக்சல் அளவில் சதுரப் படம் வேண்டும் என்பதும், அதில் இணைய முகவரியோ விலையோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. எங்களைத் தடுமாற வைத்தது தமிழ் எழுத்து. வடிவமைத்த நண்பர் தமிழ் படிக்காதவர். நாங்கள் அனுப்பிய தலைப்பை அப்படியே ஒட்டினார். அவருடைய மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு தேர்வு செய்யப்படாததால், ஒகரம் ஏறிய எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கைப்பேசியில் சிறிதாகப் பார்த்த ஐந்து பேரில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. பதிவேற்றுவதற்கு முந்தைய இரவு பாடகியின் அப்பா, அவர் தமிழாசிரியர், பார்த்த மாத்திரத்தில் சொன்னார். தமிழ்த் தலைப்பை எழுத்தாக மட்டும் அனுப்பாமல், சரியாகத் தெரியும் ஒரு படத்தையும் கூடவே அனுப்பி, அதைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தமிழ்ப் பாட்டின் முகத்தில் தமிழ் உடைந்து கிடப்பதைவிட வருத்தமான காட்சி எனக்கு வேறில்லை.

எழுத்து விவகாரம் அதோடு முடியவில்லை. தலைப்பில் 'மழை' என்ற சொல் இருந்தது. தளங்களில் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்திலும் தர வேண்டியிருந்ததால், ழகரத்தை எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்குள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் விவாதம். 'இசட் எச்' போட்டால் தமிழ் தெரிந்தவர் புரிந்துகொள்வார். 'எல்' மட்டும் போட்டால் மழையும் மலையும் மாலையும் ஒன்றாகிவிடும். ஆனால் இங்கே பலர் தேடும்போது தட்டச்சு செய்வது 'எல்'தான். கடைசியில் 'இசட் எச்' என்றே வைத்தோம், அதுவே சரி என்று இன்றும் நினைக்கிறேன். தவறு எங்கே நடந்ததென்றால், விநியோகத் தளத்தில் ஒரு விதமாகவும், யூடியூபில் இன்னொரு விதமாகவும், வானொலிக்கு அனுப்பிய கடிதத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதிவிட்டோம். எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி ஐவரும் அதையே பார்த்து எழுதியிருந்தால் போதும். பாடலின் மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்கவும் மறக்காதீர்கள். அது தானாக ஆங்கிலம் என்று நிற்கும் படிவங்கள் உண்டு.

விநியோகத் தளம் என்றேன். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் தனிக் குழு நேராகப் பாட்டைக் கொடுக்க முடியாது. இடையில் ஒரு நிறுவனம் வாங்கி எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும். சிலர் ஆண்டுக் கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் பாட்டுக்கு ஒரு முறை. ஆண்டுக் கட்டணம் என்றால், அதைக் கட்டாமல் விட்ட ஆண்டில் பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கிவிடுமா என்பதைச் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவின் பெயர் ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல். அதே பெயரில் வேறொரு நாட்டில் முன்பே ஒரு கலைஞர் இருந்தார். படிவத்தில் 'புதிய கலைஞர்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால், எங்கள் பாட்டு அவருடைய பக்கத்தில் போய் அமர்ந்துகொண்டது. அவருடைய ரசிகர்கள் எங்கள் பாட்டைக் கேட்டுக் குழம்ப, எங்கள் உறவினர்கள் எங்களைத் தேடிக் குழம்ப, அதைப் பிரித்து எங்களுக்கென ஒரு பக்கம் வருவதற்கு எட்டு நாள்கள் ஆயின. அந்த எட்டு நாள்கள்தான் ஒரு புதுப் பாட்டுக்கு முக்கியமானவை.

இந்தக் குழப்பத்தில் ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டின் அருமை தெரிந்தது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அது அடையாள அட்டை எண் போன்றது. பாட்டை எடுத்துவிட்டு மறுபடியும் ஏற்ற நேர்ந்தாலும், நாளைக்கு வேறு விநியோகத் தளத்திற்கு மாறினாலும், அதே பதிவுக்கு அதே குறியீட்டைக் கொடுக்க வேண்டும். புதிது வாங்கினால் அதுவரை கேட்டவர்களின் கணக்கோடு உள்ள தொடர்பு அறுந்துபோகலாம். குரலில்லாத வடிவத்தையோ ரீமிக்ஸையோ வெளியிட்டால் மட்டும் அதற்குத் தனிக் குறியீடு வேண்டும்.

வெளியீட்டு நாளுக்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுவதும் புதிய பாடல்கள் வெள்ளியன்று வருவது வழக்கமாகியிருக்கிறது. பாட்டு அந்தந்த நாட்டின் நள்ளிரவில் திறக்கும். சிங்கப்பூரில் வெள்ளி பிறக்கும்போது சென்னையில் வியாழன் இரவு ஒன்பதரை. நாங்கள் பன்னிரண்டு மணிக்கு உற்சாகமாக அனுப்பிய இணைப்பை அங்குள்ள உறவினர்கள் உடனே திறந்துபார்த்து, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிட்டுத் தூங்கிவிட்டார்கள். மறுநாள் காலை அனுப்பியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஸ்பாட்டிஃபையின் பட்டியல்களைத் தொகுப்பவர்களுக்கு நம் பாட்டைப் பற்றி எழுதி அனுப்ப ஒரு வழி இருக்கிறது; இன்னும் வெளிவராத பாட்டுக்கு மட்டுமே அது திறக்கும். குறைந்தது ஏழு நாள்களுக்கு முன் அனுப்பினால், நம்மைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் நாம் தேர்ந்தெடுத்த பாட்டு இடம்பெறும். நாங்கள் ஒன்பது நாளுக்கு முன் பதிவேற்றினோம். விநியோகத் தளம் சரிபார்த்து அனுப்ப நான்கு நாள் எடுத்துக்கொண்டது. எங்கள் கையில் மிஞ்சியது ஐந்து நாள். அதிலும், எழுதி அனுப்பும் பொறுப்பை ஏற்றிருந்த கிட்டார் நண்பருக்கு அதே வாரம் ரிசர்விஸ்ட் பயிற்சி, அதாவது தேசிய சேவை முடித்தவர்கள் மறுபடியும் முகாமுக்குப் போய்ச் செய்யும் பயிற்சி. கடவுச்சொல் அவரிடம், அவர் முகாமில். தேசிய சேவைக் கடமை உள்ள ஆண்கள் இருக்கும் எந்தக் குழுவும் அவர்களுடைய பயிற்சித் தேதிகளை வைத்துக்கொண்டுதான் வெளியீட்டுத் தேதியைக் குறிக்க வேண்டும். இப்போது நாங்கள் பதிவேற்றுவது நான்கு வாரத்திற்கு முன். கடவுச்சொற்கள் இருவரிடம் இருக்கின்றன.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

பாட்டு வெளிவந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, தம்பி என் புளோக்கின் கீழே கல் மேசையில் காத்திருந்தார். இரண்டு கோப்பித் தம்ளர்கள் வாங்கி வைத்திருந்தார், அவருடையது ஆறிப்போயிருந்தது. கைப்பேசியில் எங்கள் பாட்டைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, பங்களித்தோர் விவரத்தைக் காட்டினார். பாடியவர்கள் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் இருந்தது. இசை என்று என் பெயர் இருந்தது. அவ்வளவுதான். அவர் விரலால் திரையை மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்தினார், கீழே இன்னும் இருக்கலாம் என்பது போல.

"அம்மா தேடுனாங்கண்ணே," என்றார். "இதுல எங்கடா உன் பேருன்னு கேட்டாங்க. நான் அப்பறமா வரும்னு சொல்லிட்டேன்."

வேறு எதுவும் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பதிவேற்றிய இரவு படிவத்தை நிரப்பியவன் நான். வாத்தியக்காரர்கள் என்ற பகுதி விருப்பத்திற்கு உரியது என்று குறிப்பிட்டிருந்ததால், மணி இரண்டாகிவிட்டது, நாளைக்கு நிரப்பலாம் என்று தாண்டிப்போனேன். பாட்டைத் திறந்ததும் கேட்கும் கையின் சொந்தக்காரருக்கு அந்தப் பாட்டில் பெயர் இல்லாமல் போனது அப்படித்தான். மன்னிப்புக் கேட்டேன், அன்றிரவே திருத்தம் அனுப்பினேன். ஒரு தளத்தில் நான்கு நாளில் மாறியது, இன்னொன்றில் இரண்டு வாரத்திற்கு மேலாயிற்று. மாறும் வரைக்கும் தினமும் காலையில் ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தது. ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது, உருவாக்கியவரையும் நிகழ்த்தியவரையும் அடையாளம் காட்ட வேண்டும் என்பது அதன்படி அவர்களுடைய உரிமை. நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது உரிமையாகவே இருந்தது. அதே சட்டத்தின்படி, காசு கொடுத்து ஒருவரை நிழற்படம் எடுக்கச் சொன்னாலும், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், அதன் பதிப்புரிமை எடுத்தவருக்கே சேரும். எங்கள் அட்டைப் படத்தின் நிழற்படக்காரரிடம் நாங்கள் எதுவும் எழுதி வாங்கியிருக்கவில்லை. பின்னர் சென்று கேட்டோம், அவர் மனமுவந்து எழுதிக் கொடுத்தார்.

பெயருக்கு அடுத்தது பங்கு. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன என்பதைக் குழுவில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். வரிகளும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒன்று. அதைப் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. வானொலியிலும் மேடையிலும் பாடல் ஒலிக்கும்போது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய தொகையை இங்கே 1987 முதல் இயங்கும் காம்பஸ் அமைப்பு திரட்டித் தருகிறது. அதில் ஒவ்வொருவரும் தனித்தனியாக உறுப்பினராகிப் பாடலைப் பதிய வேண்டும். நம் விநியோகத் தளம் ஸ்ட்ரீமிங்கிலிருந்து வாங்கித் தருவது ஒலிப்பதிவின் பணம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு 'ஐந்தில் ஒரு பங்கு' என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவைத்திருந்தோம், அதற்கு என்ன பொருள் என்று எவருக்கும் தெரியாமலே.

அந்தக் கல் மேசையிலேயே இரண்டு வாரம் கழித்து ஐவரும் உட்கார்ந்து எழுதினோம். ஒலிப்பதிவு ஐவருக்கும் சமம், தலைக்கு 20 விழுக்காடு. பாடலில் வரிகளுக்கு 50. அது எழுதிய பாடகிக்கு. இசைக்கான 50இல் எனக்கு 25, தம்பிக்கு 15, சரணத்தின் மெட்டை மாற்றிக் கொடுத்த பாடகருக்கு 10. தாளக்கட்டு இசையமைப்பில் சேருமா என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். பொதுவாகத் தாளம் வாசித்தவரை இசையமைப்பாளராகச் சேர்ப்பதில்லை. ஆனால் பல்லவியின் மெட்டு அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் எனக்கு வந்தது. அந்த அடி இல்லாவிட்டால் வேறு ஒரு பாட்டு வந்திருக்கும். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் ஒலிப்பதிவுக்கான தொகை சேரத் தொடங்கும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகும் எங்களுக்கு வந்தது இரண்டு முறை ஸ்டூடியோ வாடகைக்குக் கூடக் காணாத சிங்கப்பூர் வெள்ளிகள். ஆனாலும் தாளில் எழுதியது வீண் என்று தோன்றவில்லை. பங்கைப் பற்றிப் பேசுவதற்குப் பணம் வருமுன் உள்ள காலமே நல்ல காலம்.

எங்களுக்குக் கேட்பவர்களைக் கொண்டுவந்தவை பட்டியல்களைவிட மேடைகளும் வானொலியும்தான். ஒலி 96.8க்கு நல்ல தரத்தில் வேவ் கோப்பும், பாட்டு எதைப் பற்றியது, யார் யார் வாசித்தார்கள் என்று ஒரு பக்கத்திற்கு மிகாத தமிழ்க் குறிப்பும் அனுப்பினோம். குடியிருப்புப் பேட்டை நிகழ்ச்சி ஒன்றில் பாடிய மறுநாள், பாட்டைத் தேடிக் கேட்டவர்களின் எண்ணிக்கை வெளியீட்டு நாளைவிடக் கூடுதலாக இருந்தது. வரிகளைப் பாடல் வரிகளுக்கான மியூசிக்ஸ்மேட்ச் தளத்தின் வழியாகத் தமிழ் எழுத்திலேயே ஏற்றினோம். ரோமன் எழுத்தில் போட்டால்தான் இளையர்கள் படிப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். பள்ளியில் பத்தாண்டு தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்தவர்களிடம் அப்படி முன்கூட்டியே தோல்வியை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி கைப்பேசியில் தமிழ் வரிகளைப் பார்த்துப் பார்த்து இரண்டாவது சரணத்தை எங்களிடம் பாடிக் காட்டினார்.

ஒரு சிறு எச்சரிக்கை: மென்பொருளோடு வரும் அல்லது கடையில் வாங்கும் இசைத் துண்டுகளைப் பாட்டில் பயன்படுத்தியிருந்தால், ஒரே ஒலி வேறு காணொளிகளில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பாட்டைச் சேர்க்காதீர்கள். அதே துண்டை வாங்கிய பிறரின் பாட்டுகள் மீது உங்கள் பெயரில் உரிமைக் கோரல் போய் நிற்கும்.

இரண்டாவது பாட்டு இப்போது பதிவாகி முடிந்திருக்கிறது. மாஸ்டரிங்கில் நான் வாயைத் திறக்கவில்லை. அடி விழும் இடத்தில் விழுகிறது. பெயர்த் தாளைப் பதிவுக்கு முன்பே நிரப்பினோம். தம்பி தம் பெயரைத் தாமே தமிழிலும், கடப்பிதழில் உள்ளபடி ரோமன் எழுத்திலும் எழுதினார். இசைப் பங்கில் மட்டும் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது: இரண்டாவது சரணத்தின் மெட்டு கிட்டார் நண்பருடையதா என்னுடையதா என்பதில் எங்கள் இருவருக்கும் நினைவு வேறுபடுகிறது. ஒத்திகைகளைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறோம், இந்தச் சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து தேதிவாரியாகக் கேட்கப்போகிறோம். அந்தக் கட்டம் நிரம்பிய பிறகுதான் பதிவேற்றம். வெளியீட்டுத் தேதியை ஒரு வெள்ளி தள்ளி வைத்திருக்கிறோம்.